ஆயிரத்தில் ஒரு பங்கு

2006 மார்ச் 13. லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், உடம்பில் எந்த நோயும் இல்லாத எட்டு ஆண்கள் ஒரு மருந்துச் சோதனைக்காகப் படுத்திருந்தார்கள். ஆறு பேருக்கு டிஜிஎன்1412 என்ற புதிய மருந்து நரம்பில் ஏறியது. மற்ற இருவருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். மனித உடலுக்குள் அந்த மருந்து போவது அதுவே முதல் முறை.

முடக்குவாதம் போன்ற நோய்களில் வேலியே பயிரை மேய்கிறது. கிருமிகளைத் தாக்க வேண்டிய வெள்ளையணுக்கள் சொந்த மூட்டுகளையே அரிக்கின்றன. அவற்றை அடக்கிவைக்கவும் உடலில் டி செல்கள் எனும் வெள்ளையணுக்களில் ஒரு வகை உண்டு. அடக்கிவைக்கும் அந்த செல்களைப் பெருக்கிவிட்டால் நோய் தணியுமே என்ற எண்ணம் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பிறந்தது. டி செல்லின் மேல் இருக்கும் சிடி28 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, அந்த செல்லைத் தட்டி எழுப்பும் மருந்து இது. குரங்குகள் இதைத் தாங்கிக்கொண்டன. அவற்றுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-இல் ஒரு பங்கையே மனிதர்களுக்குக் கொடுத்தார்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல். செல்கள் ஒன்றையொன்று உசுப்பிவிடும் சைட்டோகைன்கள் இரத்தத்தில் வெள்ளமாய்ப் பெருகின. நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறின. தீவிர சிகிச்சையால் ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

குரங்குக்கு ஒன்றும் ஆகாதது மனிதனுக்கு ஏன் ஆனது? முன்பு சந்தித்த கிருமியை மறக்காத டி செல்கள் நம் உடலில் ஏராளம். மனிதர்களிடம் அந்த நினைவு செல்களின் மேல் சிடி28 இருக்கிறது. சோதனைக்கு எடுத்த குரங்கினத்திலோ, அந்த நினைவு செல்களில் முக்கியமான ஒரு வகை சிடி28-ஐ இழந்துவிடுகிறது. மருந்து தேடிய கதவே அங்கே இல்லை. இது தெளிவாக 2010 ஆனது.

அன்று பத்து நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஊசி போட்டார்கள். முதல் உடல் என்ன சொல்கிறது என்று கேட்கும் முன்பே மருந்து அடுத்த உடலுக்குள் போய்விட்டது. இப்படிப்பட்ட புதிய மருந்துகளை இனி முதலில் ஒருவருக்குக் கொடுத்து, போதிய நேரம் காத்திருந்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்று, இந்தச் சோதனையை ஆராய்ந்த, கார்டன் டஃப் தலைமையிலான நிபுணர் குழு பரிந்துரைத்தது. விலங்கு எவ்வளவு தாங்கும் என்பதோடு, மனித செல் எவ்வளவு சிறிய அளவுக்கு அசையும் என்பதையும் பார்த்தே முதல் அளவைக் கணிக்கும் வழக்கம் வந்தது.

அதே மருந்து பிறகு ரஷ்யாவில் மீண்டும் தன்னார்வலர்களுக்குத் தரப்பட்டது. லண்டனில் கொடுத்ததில் 1000-இல் ஒரு பங்கில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏற்றினார்கள். இம்முறை சைட்டோகைன் புயல் வீசவில்லை. அடக்கிவைக்கும் செல்கள் விழித்துக்கொண்டதற்கான அடையாளங்கள் தெரிந்தன. வூர்ஸ்பர்க்கில் பிறந்த எண்ணம் பொய்யில்லை. எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைத்தான் அந்த ஆறு பேரின் உடல்கள் கற்றுத்தர வேண்டியிருந்தது. இன்று ஒரு புதிய மருந்தை முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்கும் ஒவ்வொரு மருத்துவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்.