மதில்களுக்குப் பின்னால்

கண்டி நகரையொட்டிய அனிவத்தையில் நான் வாடகைக்குக் குடியேறி மூன்று வருடங்களாகின்றன. வசதியானவர்கள் வாழும் பகுதி. உயர்ந்த மதில்கள், பூட்டிய இரும்புக் கதவுகள். பக்கத்து வீட்டாரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சமூகவியல் படித்த எனக்கே இந்த நிலை!

ஆனால் இந்த வீடுகளின் அடுப்படிகளை நன்கறிந்த பெண்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் தோட்ட லயங்களிலிருந்து பஸ்ஸேறி வீட்டு வேலைக்கு வருபவர்கள். அவர்களில் ஒரு அக்கா ஒரே வீட்டில் 18 வருடங்கள் உழைத்தவர். முழங்கால் நோவினால் வேலையை விட்டபோது அவருக்குக் கிடைத்தது ஒரு மாதச் சம்பளமும் ஒரு சேலையும்தான்.

"கொழுந்து பறிச்ச எங்கம்மாவுக்கு ஈ.பி.எப். கெடைச்சிச்சே மிஸ், எனக்கு ஏன் இல்ல?" என்று கேட்டார்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தோட்டத் தொழிலாளிக்காகத் தொழில்தருநர் சம்பளத்தில் 12 வீதம் செலுத்துகிறார். அந்த அக்கா உழைத்த காலத்தில் தனியார் வீட்டு வேலை அதற்குள் அடங்கவில்லை. வீட்டு வேலையாட்களைப் பதிவு செய்ய 1871இலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. அவர்களும் ஏனைய தொழிலாளரைப் போன்றவர்களே என்று சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 189ஆம் இலக்கச் சமவாயம் கூறியது 2011இல்தான்.

சகோதரிகளே, அந்த 12 வீதத்தை மாதந்தோறும் அவர்கள் பெயரில் வங்கியில் போட நமக்கு என்ன தடை? என் வீட்டுக்கு வாரம் இருமுறை வரும் பெண்ணுக்குச் சென்ற மாதம்தான் கணக்குத் திறந்தேன். மூன்று வருடம் தாமதமாக.