தூசியை அளக்காமல் இருமலை அடக்க முடியாது

தாமதமாக வருகிறார்கள்

சாலை தோண்டிக் கிடக்கும் தெருக்கள், கட்டட வேலை நடக்கும் பகுதிகள், குப்பை எரியும் ஓரங்கள். சென்னையில் இங்கிருந்தெல்லாம் வரும் நோயாளிகள் சொல்வது ஒன்றுதான்: வாரக்கணக்கில் வறட்டு இருமல், இரவில் வீசிங், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மெடிக்கல் ஷாப்பில் "சளிக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்கிய மாத்திரைகளைப் பலமுறை விழுங்கிய பிறகே வருகிறார்கள். அந்த செட்டில் ஸ்டீராய்டும் இருந்தால் இரண்டு நாள் நிம்மதி கிடைக்கும். நோய் உள்ளே வளரும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை எகிறும். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

நம்பிக்கைகளும் உண்மையும்

"வெல்லம் சாப்பிட்டால் நெஞ்சுத் தூசி இறங்கிவிடும்." இறங்காது. வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசி தங்குவது நுரையீரலில்.

"கடல்காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும்." கடல்காற்று உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் காற்று அசையாத மார்கழி, தை விடியற்காலைகளில் புகை தரையோடு படிந்து நிற்கும். போகிப் புகைக்குப் பிறகு மூச்சுத்திணறலோடு வருபவர்களைக் கேளுங்கள்.

"கைக்குட்டை கட்டினால் போதும்." 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகளைத் துணி பெரும்பாலும் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 வேண்டும்.

"இன்ஹேலர் பழகினால் விட முடியாது." ஆஸ்துமாவுக்கு முதன்மையான மருந்தே அதுதான். மிகக் குறைந்த அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதற்குப் பயந்து மாத்திரையை விழுங்குவதுதான் ஆபத்து.

"செல்போனில் காற்றுத் தரம் பச்சையாக இருக்கிறதே!" அந்த எண் பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. காலை ஏழு மணிக்கு நீங்கள் சுவாசித்த உச்சம் அதில் கரைந்துவிடும். மணலியிலும் ஆலந்தூரிலும் வேளச்சேரியிலும் உள்ள நிலையங்கள் தம்மைச் சுற்றியுள்ள காற்றைச் சொல்லும். உங்கள் தெருவில் கொட்டிக் கிடக்கும் கட்டட மணலான எம்-சாண்டைச் சொல்லாது. இன்னொன்று: 2.5 மைக்ரானுக்கும் குறைந்த அந்தத் துகளுக்கு (பி.எம். 2.5) இந்தியாவின் 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15.

எங்கே அளக்க வேண்டும்?

பள்ளி வாசலில், பேருந்து நிறுத்தத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், கட்டட வேலை நடக்கும் இடத்தின் எல்லையில். மலிவான சிறு கருவிகள் ஒளிச்சிதறலைக் கொண்டு அளக்கின்றன. நம் ஊர் ஈரப்பதத்தில் துகள்கள் நீர் ஏறிப் பருப்பதால், அவை அளவைக் கூடுதலாகக் காட்டும். பெரிய சாலைத் தூசியையோ குறைத்துக் காட்டும். ஆகவே முதலில் அரசு நிலையத்துக் கருவியின் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகே தெருவுக்கு அனுப்ப வேண்டும்.

அளப்பதோடு வேலை முடியவில்லை. மருத்துவமனைகளில் அன்றன்று வரும் வீசிங் நோயாளிகளின் எண்ணிக்கையும் அந்த அளவும் ஒரே திரையில் சேர வேண்டும். அளவு ஏறினால் அன்றே பள்ளிகளுக்கு எச்சரிக்கை போக வேண்டும். தோண்டும் இடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். அகமதாபாத் மாநகராட்சி 2017-லேயே காற்றுத் தர எச்சரிக்கைத் திட்டம் தொடங்கியது. நம்மாலும் முடியும்.

பரிசோதனை

இருமலோடு வருபவர்களுக்கு, மூச்சின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி, தேவைப்பட்டால் எக்ஸ்ரே. இருமல் இரண்டு வாரம் தாண்டினால், காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை.

கெஞ்சிக் கேட்கிறேன்

குப்பையை எரிக்காதீர்கள். வாசலில் தண்ணீர் தெளித்த பிறகு பெருக்குங்கள். மணல் இறக்கினால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கட்டட வேலைக்கு வரும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். குழந்தை இரவில் இருமினால் சிரப் பாட்டிலைத் தேடாமல் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கவுன்சிலரைப் பார்த்தால், தெருவிளக்கு கேட்பதுபோல் தூசி அளக்கும் கருவியையும் கேளுங்கள். கேட்டால்தான் வரும்.