ஒகேனக்கல்லில் ஒரு பந்தி

வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தால், "மீனில் முள் ஜாஸ்தி, குழம்பில் புளி கம்மி" என்று குற்றப் பத்திரிகை வாசிக்கும் ஆசாமிகள் சிலர் உண்டு. நமது புகைப்படக்கார நண்பர் அந்த ஜாதி. அப்பேர்ப்பட்டவர் காவிரிக் கரைப் பாறை ஒன்றில் சம்மணமிட்டு, "இன்னும் ரெண்டு துண்டு போடுங்கம்மா!" என்று கெஞ்சியதைப் பார்த்த பிறகுதான், தண்ணீர் ஓரத்தில் சாப்பிடுவதில் ஏதோ மாயம் இருக்கத்தான் வேண்டும் என்று எனக்குப் பட்டது.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக மலைப்பாதையில் இறங்கினால் ஒகேனக்கல். சுமார் 46 கிலோ மீட்டர். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' நமக்கும் கல்தான். அருவி விழுகிற இடத்தில் எழும்பும் நீர்த்திவலையைப் பார்த்து யாரோ ஒரு ரஸிகர் வைத்த பெயர். ஆனால் கரையோரம் நடந்தால் வேறொரு புகையும் கண்ணைக் கரிக்கிறது. அது விறகடுப்புப் புகை. நாங்கள் தேடிப் போனது அதைத்தான்.

ஊரில் ஹோட்டல்களுக்குக் குறைவில்லை. மேஜை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு. இருந்தும் கூட்டம் அடுப்புகளை மொய்க்கிறது. ஏற்பாடு வேடிக்கையானது. மீனை நீங்களே வாங்கி வரவேண்டும். கட்லா, ரோகு, வாளை, கெளுத்தி, ஜிலேபி என்று கடைகளில் பரப்பி வைத்திருக்கிறார்கள். மீனோடு அரிசி, எண்ணெய், மிளகாய்த்தூள் சகலமும் சமையல்கார அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடலாம். கூலியை மட்டும் முன்னதாகவே பேசிக்கொள்வது உத்தமம். வாசனை மூக்கில் ஏறிய பிறகு பேரம் பேசும் திராணி யாருக்கும் இருப்பதில்லை!

பிறகு எண்ணெய்க் குளியல். கரையில் எண்ணெய் தேய்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். முதுகில் தாளம் போட்டு, கைகால்களைப் பிசைந்து, 'இனி இந்த உடம்பு நம்முடையதல்ல' என்று நினைக்கும் தறுவாயில் நம்மை அருவிக்கு அனுப்புகிறார்கள். அருவி மீதியைக் கவனித்துக் கொள்கிறது. வெளியே வரும்போது வயிற்றில் ஒரு பசி, பாருங்கள்! பள்ளிக்கூட நாட்களில் ஆற்றில் ஆட்டம் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிய பசி அது.

"உங்கள் மசாலாவில் என்ன ரகசியம்?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"மசாலாவிலே என்ன சார் இருக்குது? ரெண்டு மணி நேரம் தண்ணியிலே நின்னீங்க இல்லே, அதுதான்" என்றார், வறுவலைத் திருப்பிப் போட்டபடியே.

இது அடக்கம். கட்லா ஓரங்களில் மொறுமொறுவென்றும் நடுவில் பூப்போலவும் இருந்தது. குழம்பு சோற்றில் இறங்கி, இலையின் சரிவில் ஓடி, பாறையைத் தொடப் பார்த்தது. தடுத்து நிறுத்தினோம். நண்பர் படமெடுக்க வேண்டுமானால் கை கழுவ வேண்டும்; கழுவ அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே சாப்பாட்டுக்குப் படமில்லை, வாசகர்கள் மன்னிக்கவேண்டும்.

சிலர் சமைத்ததைப் பாத்திரத்தோடு பரிசலில் ஏற்றிக்கொண்டு, எதிரே மணல் திட்டில் போய்ச் சாப்பிடுகிறார்கள். ரம்மியம்தான். ஆனால் தின்ற இலையையும் பிளாஸ்டிக் டம்ளரையும் பாறை இடுக்கில் செருகிவிட்டு வருகிறார்களே, அடுத்தவருக்கும் அதே பாறைதானே மேஜை?

பேச்சு வெள்ளத்தின் பக்கம் திரும்பியது. கபினியும் கிருஷ்ணராஜ சாகரமும் நிரம்பினால் திறந்துவிடும் தண்ணீர் இங்கே வந்துதான் மேட்டூர் போகிறது. நீர்வரத்து மிஞ்சினால் குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை. குளிக்க முடியாத ஊருக்கு மீன் தின்ன மட்டும் யார் வருவார்கள்? 2024 ஜூலைக் கடைசியில் மேட்டூர் அணை தன் முழு மட்டமான 120 அடியை எட்டியபோது தஞ்சைச் சீமை பூரித்தது. அப்போது இங்கே விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் புரண்டு ஓடியது. ஆடிப் பெருக்கு, வியாபாரத்துக்கு உகந்த நாள், அந்த வருஷம் தடையிலேயே போயிற்று.

"பிலிகுண்டுலுவிலே எத்தனை கன அடின்னு தினமும் கேட்டுக்குவோம் சார். கீழே நெல்லு விளையணும், வேண்டாங்கலே. ஆனா தண்ணி வந்தா எங்க அடுப்பு அணைஞ்சுரும்" என்றார் அந்த அம்மாள். குரலில் வருத்தத்தைவிடக் கணக்குதான் அதிகமாக இருந்தது. தடை பத்து நாள் நீடித்தால் பள்ளிக்கூடச் செலவுக்குக் கடன். இருபது நாளானால் கட்டட வேலைக்கு வெளியூர்.

நாங்கள் போனது ஆனி மாதத்து ஞாயிறு. தண்ணீர் தெளிந்து, சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. விடைபெறும்போது அவர் கேட்டார்: "பத்திரிகைக்காரங்கதானே, குடகிலே மழை எப்படின்னு தெரியுமா?"

நண்பர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தார்.

"நேற்றிலிருந்து பிடித்திருக்கிறதாம்."

அந்த அம்மாள் தலையசைத்தார். வெளியே கிடந்த விறகுக் கட்டு இரண்டை மேட்டுக்கு இழுத்துவிட்டு, அடுத்த கட்சியின் மீனை அலசக் குனிந்தார்.