வலோங்கோ துறைக்குப் பக்கத்தில் ஒரு சமையலறை

ரியோ டி ஜெனிரோவின் துறைமுகப் பகுதியில் 'குட்டி ஆப்பிரிக்கா' என்றொரு பழைய வட்டாரம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்ட மக்கள் 1811 முதல் அங்கிருக்கும் வலோங்கோ துறையில்தான் இறக்கப்பட்டார்கள். அப்படி வந்தவர்கள் சுமார் 9 லட்சம் பேர் என்கிறது யுனெஸ்கோ. மண்மூடிப் போயிருந்த அந்தக் கல்துறை 2011-ல் மீண்டும் வெளிப்பட்டது. 2017-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

அதே வட்டாரத்தில், பிரைன்யா சதுக்கத்தில் உணவகம் திறந்திருக்கிறார் ஜோவாவ் டியமான்டே. சல்வடாரில் பிறந்து, ரியோவின் ஃபவேலா எனும் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த கறுப்பினச் சமையல் கலைஞர். கடற்படையில் பணியாற்றி, பிறகு பாரிஸ் போய், ஈஃபிள் கோபுரத்தில் அலென் டுகாஸ் நடத்திய உணவகத்தில் தொழில் பழகினார். ஊர் திரும்பியவர் கையில் எடுத்தது, தான் பிறந்த பாஹியா மாநிலத்தின் சமையலை. உணவகத்தின் பெயரே 'பிப்ரவரி 2'. கடல்தாய் இயெமஞ்சாவுக்கு சல்வடார் மக்கள் விழா எடுக்கும் நாள் அது.

வியர்வையில் பொரிந்த விடுதலை

பாஹியா என்றாலே அகராஜே. காராமணியை ஊறவைத்து, தோலைத் தேய்த்துக் களைந்து அரைக்கிறார்கள். வெங்காயமும் உப்பும் சேர்த்து, மாவு நுரைத்துப் பொங்கும்வரை மரக்கரண்டியால் அடிக்கிறார்கள். அதை உருட்டி, செக்கச்செவேலென்று கொதிக்கும் செம்பனை எண்ணெயில் போட்டால், நம்மூர் வடைபோல மொறுமொறுவென எழும்பிவரும். நடுவே கீறி, தேங்காய்ப்பாலும் முந்திரியும் உலர் இறாலும் சேர்ந்த வட்டபா, வெண்டைக்காய்க் கருரு, கார விழுது எல்லாம் வைத்துத் தருவார்கள்.

காற்றுக்கும் புயலுக்கும் அதிபதியான யான்சா தெய்வத்துக்கு, கன்டோம்ப்லே எனும் ஆப்ரோ-பிரேசில் வழிபாட்டில் படைக்கப்படும் படையல் இது. அடிமைக் காலத்தில் அடிமைப்பட்ட பெண்கள் இதுபோன்ற தின்பண்டங்களைத் தெருத்தெருவாக விற்றார்கள். வருமானத்தில் பெரும்பங்கு எஜமானுக்குப் போகும். மிஞ்சிய காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியவர்கள் உண்டு. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்ததோ 1888-ல்தான். வெள்ளைப் பாவாடையும் தலைப்பாகையும் மணிமாலைகளுமாக அகராஜே விற்கும் 'பையானா' பெண்களின் தொழிலை, தேசியப் பண்பாட்டு மரபாக பிரேசில் அரசு பதிவுசெய்தது 2005-ல்.

அடுத்த கைகள்

டியமான்டேயின் பெருமை உணவகத்தோடு நிற்கவில்லை. 2016-ல் 'சமையலறை வைரங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கி, வறிய குடியிருப்புகளின் இளைஞர்களுக்குச் சமையல் தொழில் கற்றுத்தருகிறார். இதற்காகவே 'உலகின் 50 சிறந்த உணவகங்கள்' அமைப்பு 2024-ல் மாற்றத்தை உருவாக்குவோருக்கான விருதை அவருக்கு அளித்தது.

ஆப்ரோ-பிரேசில் உணவை எந்த நட்சத்திர விடுதியும் தட்டில் அலங்கரித்து விற்றுவிடலாம். அந்த ருசியைப் பசியோடும் பக்தியோடும் காப்பாற்றிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதனால் பிழைப்பும் மதிப்பும் கிடைக்கிறதா என்பதே கேள்வி. டியமான்டேயின் சமையலறையில் அதற்கான பதில், அடுப்படியில் கரண்டி பிடித்து நிற்கிறது.