உதட்டு ஃபில்லர்: ஊசிக்கு முன்னும் பின்னும் தெரிய வேண்டியவை

சிங்கப்பூர்த் தேக்காவில் புருவம் எடுக்கவும் மருதாணி வைக்கவும் பார்லருக்குப் போவது நமக்குப் பழகிய வேலை. அந்தப் பழக்கத்தில், உதட்டைத் தடிமனாக்கும் ஃபில்லர் ஊசியையும் அதே வரிசையில் சேர்த்துவிடுகிறோம். கல்யாணத்துக்கு முன்னால், குறைந்த விலைக்கு, யாரோ ஒருவரின் வீட்டிலோ ஹோட்டல் அறையிலோ போட்டுக்கொள்ளலாம் என்று கைப்பேசிக்கு வரும் அழைப்புகளை நம்பிவிடவும் செய்கிறோம்.

சிங்கப்பூர்ச் சட்டம் இதை ஒப்பனையாகப் பார்ப்பதில்லை. ஃபில்லர் இங்கே மருத்துவச் சாதனம். அதைச் சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஊசி போடுபவர் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். பியூட்டிஷியனுக்கு எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதில் கைவைக்க அனுமதி இல்லை.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உதட்டுக்குள்ளேயே இருக்கிறது. கழுத்திலிருந்து வரும் முகத் தமனி தாடை எலும்பைத் தாண்டி மேலேறும்போது, வாயோரத்துக்கு அருகில் மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் கிளை விடுகிறது. அந்தக் கிளைகள் எந்த ஆழத்தில் ஓடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 193 சடலங்களின் உதடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சுமார் 78 விழுக்காட்டில் தமனி தசைக்கும் உள்சவ்வுக்கும் நடுவே ஓடியது. 17.5 விழுக்காட்டில் தசைக்குள்ளேயே இருந்தது. சுமார் 2 விழுக்காட்டில் தோலுக்கு நேர் கீழே, மேலாகப் போடும் ஊசிக்கும் எட்டும் இடத்தில் இருந்தது. ஒரே உதட்டில் போகப்போக ஆழம் மாறியதும் உண்டு. ஆகவே கைதேர்ந்த மருத்துவருக்கும் இந்த ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. தவறு நேர்ந்தால் அதே நிமிடத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்ய அவரால் முடியும் என்பதுதான் வித்தியாசம்.

ஃபில்லர் தமனிக்குள் புகுந்தால் ரத்த ஓட்டம் அடைபடும், சதை அழுகத் தொடங்கும். முகத் தமனியின் கிளைகள் கண்ணுக்கு ரத்தம் தரும் தமனியின் கிளைகளோடு இணைவதால் பார்வை பறிபோவதும் நடந்திருக்கிறது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஃபில்லரால் பார்வை பாதிக்கப்பட்ட 98 பேரைப் பதிவு செய்தது. பெரும்பாலும் அது மூக்கிலும் புருவ மத்தியிலும் போட்டதால் நேர்ந்தது. உதட்டு ஊசியால் அப்படி ஆவது அரிது.

அடைப்பின் முதல் அடையாளம் தோல் வெளுத்துப்போவது என்று மருத்துவக் குறிப்புகள் பொதுவாகச் சொல்கின்றன. நம் மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் அது எளிதில் கண்ணுக்குப் படாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உதட்டை மடித்து உள்பக்கத்தைப் பாருங்கள். விரலால் அழுத்தி விடுங்கள். இரண்டு மூன்று விநாடிகளில் நிறம் திரும்பவில்லை என்றால், அல்லது மறுபக்கத்தைவிடத் தாமதமாகத் திரும்பினால், சந்தேகப்பட வேண்டும். வலைபோல ஊதா நிறக் கோடுகள் தெரிவது, வலி கூடிக்கொண்டே போவது, உதட்டுக்கு மேலோ மூக்கோரத்திலோ நிறம் மாறுவது ஆகியவையும் அபாயக் குறிகள். மரப்பு மருந்து கலந்த ஃபில்லரில் வலி தாமதமாகத்தான் தெரியும் என்பதால், வலியில்லை என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். ஐஸ் வைக்காதீர்கள், குளிர்ச்சி ரத்தக் குழாயை இன்னும் சுருக்கும். ஊசி போட்ட மருத்துவரை உடனே அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தேக்காவிலிருந்து டான் டொக் செங் மருத்துவமனை தொலைவில்லை. பார்வை மங்கினாலோ பேச்சுக் குழறினாலோ 995ஐ அழையுங்கள். ஹயலுரானிக் அமில ஃபில்லராக இருந்தால் ஹயலுரானிடேஸ் என்ற மருந்து அதைக் கரைத்துவிடும், ஆனால் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிலிகான் ஃபில்லரைக் கரைக்க மருந்தே இல்லை. எனவே ஃபில்லரின் பெயரையும், ஹயலுரானிடேஸ் கிளினிக்கில் தயாராக இருக்கிறதா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஊசிக் குழாயில் ஒட்டியிருக்கும் தொகுப்பு எண் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

உரிமமில்லாதவரிடம் போட்டுக்கொண்டு, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவது பெரிய ஆபத்து. மருத்துவரிடம் நடந்ததை மறைக்காதீர்கள். மருத்துவப் பதிவுச் சட்டம் தண்டிப்பது ஊசி போட்டவரைத்தான். முதல் குற்றத்துக்கே 100,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

பதிவு பெற்ற மருத்துவரே அலட்சியமாக நடந்துகொண்டால் மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம். ஆபத்துகளை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு. நோயாளிக்குத் தேவையான விவரங்களைக் கருத்தில் கொண்டே மருத்துவர் ஆலோசனை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. இழப்பீடு கேட்டு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம். அதற்கு நாள்வாரியாக எடுத்த புகைப்படங்கள், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சான்றாகும். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்.