இலாகா: ஆட்சிப் பணிகள் பங்கிடப்படும் முறை

தமிழகத்தின் பழைய அரசாணைகளைக் கண்டவர்களுக்கு ‘இலாகா’ என்னும் சொல் அந்நியமன்று. ‘துறை’ என்னும் தமிழ்ச்சொல் அதன் இடத்தைப் பெறுவதற்கு முன்பு போலீஸ் இலாகா, வன இலாகா, மராமத்து இலாகா என்றே மக்கள் வழங்கினர். அமைச்சர்களுக்கு இலாகா ஒதுக்கீடு என்று நாளிதழ்கள் இன்றும் எழுதுகின்றன. அரபியில் இச்சொல் ‘அலாக்கா’. பற்றி நிற்றல், தொடர்பு என்பது அதன் பொருள். திருமறையின் 96-ஆம் அத்தியாயத்தின் பெயராகிய ‘அலக்’ எந்த மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்ததோ, அதே வேரிலிருந்து பிறந்ததே இதுவும். ‘தாலுகா’வும் அவ்வேரின் கிளையே. வசூல், பாக்கி, ஜப்தி, ரத்து, மகஜர், ஆஜர் என இன்னும் எத்தனையோ அரபுச் சொற்கள் நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் உலவுகின்றன என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் வியப்பதுண்டு. ஆனால் ‘இலாகா’வைப் போல் பொருட்செறிவு உடையது பிறிதொன்றில்லை. இலாகா என்பது கட்டடமன்று. எந்த அலுவல் எந்த அதிகாரியைப் பற்றி நிற்கிறது என்னும் தொடர்பே இலாகா. அத்தொடர்பை அறியாதவன் அரசின் முன்னால் ஊமையாக நிற்க வேண்டியதாகிறது.

இதை நாம் ஏட்டறிவால் மட்டும் கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு உளுந்தூர்ப்பேட்டை வட்டம் களமருதூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஜமாஅத் பெரியவர்கள் இருவர் ஒரு கோப்புடன் நம்மைக் காண வந்தனர். கபர்ஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் வேண்டி மனுச் செய்திருந்தனர். “ஹஜ்ரத், டில்லி அமைச்சருக்கே எழுதியாச்சு. பத்து மாசமாச்சு. இதுக்கு மேலே எங்கே போறது?” என்றார் மூத்தவர். டில்லிக்கு மேலே வேறு வாசல் இல்லை என்பது அவர் எண்ணம். அம்மனுவோ டில்லியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து மாவட்டத்திற்கும் ‘உரிய நடவடிக்கைக்கு’ என்ற குறிப்புடன் இறங்கி, ஏதோ ஓர் அலுவலகத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. அவர் முதலிலேயே தட்டியிருக்க வேண்டிய கதவு அவர் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் இருந்தது.

நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை ஆட்சிப் பொருள்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. அடக்கத்தலங்கள் மாநிலப் பட்டியலின் 10-ஆம் இனம். டில்லியில் எத்தனை பெரிய அமைச்சர் இருந்தாலும் அவர் இலாகாவில் கபர்ஸ்தான் இல்லை. ஆயினும் அடக்கத்தலம் அமைந்துள்ள நிலம் வக்ஃபாக இருப்பின், அறக்கட்டளைகளும் சமய அறநிலையங்களும் பொதுப் பட்டியலின் 28-ஆம் இனமாதலால், மத்திய அரசின் சட்டமும் அங்கே வந்து நிற்கிறது. ஒரே மண், மேலே அடக்கம் மாநிலத்துக்கு, உரிமை இரு அரசுகளுக்கும் பொதுவாக! கூட்டாட்சியின் சிக்கல் முழுவதும் இந்த ஆறடி நிலத்தில் அடங்கியிருக்கிறது எனலாம்.

பட்டியல்கள் அரசுகளுக்கிடையே அதிகாரத்தைப் பிரிக்கின்றன. ஓர் அரசுக்குள் அவ்வதிகாரம் எவ்வாறு பிரிகிறது? அரசியலமைப்பின் 77-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் 1961-ஆம் ஆண்டு வெளியிட்ட அலுவல் ஒதுக்கீட்டு விதிகள் இதற்கு விடையளிக்கின்றன. அவற்றின் முதல் அட்டவணை அமைச்சகங்களின் பெயர்களைத் தருகிறது; இரண்டாம் அட்டவணை ஒவ்வொன்றுக்கும் உரிய பொருள்களை எண்ணிட்டுத் தருகிறது. மாநிலங்களில் 166-ஆம் பிரிவின் கீழ் இத்தகைய அலுவல் விதிகள் உள்ளன. பிரதமரின் அறிவுரையின்பேரில் ஓர் அறிவிக்கையால் ஒரு பொருளை ஓர் அமைச்சகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடலாம். நாடாளுமன்றத்தின் சட்டம் தேவையில்லை. அமெரிக்காவில் அவ்வாறன்று. அங்கே இன்றுள்ள 15 துறைகளும் காங்கிரஸ் இயற்றிய சட்டங்களால் உருவானவை. 1789-இல் வெளியுறவு, கருவூலம், போர் என்னும் மூன்றுடன் தொடங்கி, 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வரை வளர்ந்தது அவ்வரிசை. அங்கே துறைத்தலைவர் காங்கிரஸின் உறுப்பினராக இருக்க முடியாது. இங்கே ஆறு மாதத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினராகாதவர் அமைச்சராக நீடிக்க முடியாது.

‘கேபினட்’ என்னும் சொல் நம் அரசியலமைப்பில் தொடக்கத்தில் இல்லை என்பது பலரும் அறியாத செய்தி. 1978-ஆம் ஆண்டின் 44-ஆம் திருத்தத்தின் மூலம் நெருக்கடிநிலை பற்றிய 352-ஆம் பிரிவில்தான் அது நுழைந்தது. அமைச்சர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது அதற்கும் பிந்தி, 2003-ஆம் ஆண்டின் 91-ஆம் திருத்தத்தால்: மக்களவையின் 543 உறுப்பினர்களில் 15 விழுக்காடு, அதாவது 81 பேர், 234 உறுப்பினர் கொண்ட தமிழகத்தில் 35 பேர்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். அமைச்சர் வேறு, துறை வேறு. அமைச்சர் மாறுவார், செயலாளர், கூடுதல் செயலாளர், இணைச் செயலாளர், சார்புச் செயலாளர், பிரிவு அலுவலர் என்னும் ஏணியும் அதில் ஏறி இறங்கும் கோப்பும் நிலைத்திருக்கும். ஓர் அமைச்சகத்தில் பல துறைகள் இருக்கலாம். நிதியமைச்சகத்தில் செலவினம், வருவாய், பொருளாதார விவகாரம் எனத் தனித்தனிச் செயலாளர்கள் உள்ளனர். இதற்கு நேர்மாறாக ஒரு துறை இரு அமைச்சர்களுக்கு விடை கூறுவதும் உண்டு. தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை என்று தலைமைச் செயலகத்தில் ஒரே துறை. 2021-இல் அமைந்த அமைச்சரவையிலோ பிற்படுத்தப்பட்டோர் நலத்துக்கு ஓர் அமைச்சர், சிறுபான்மையினர் நலத்துக்கு மற்றோர் அமைச்சர்.

அல்லாமா மாவர்தி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 450) தம் ‘அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் வஸீர்களை இரு வகைப்படுத்துவதை நம் மாணவர்கள் படித்திருப்பர். சுயமாக முடிவெடுக்கும் அதிகாரம் ஒப்படைக்கப்பட்ட ‘தஃப்வீள்’ வஸீர் ஒருவர். ஆணையை நிறைவேற்ற மட்டுமே உரிமையுடைய ‘தன்ஃபீத்’ வஸீர் மற்றவர். இன்றைய அமைச்சரும் செயலாளரும் இவ்விருவரை நினைவூட்டுவது இயல்பே. எனினும் பக்தாதிலிருந்தே நவீன அமைச்சரவை பிறந்தது என்று நம் மேடைகளில் சிலர் முழங்குவதை நாம் ஏற்பதற்கில்லை. உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்திய திவான், போர்வீரர்க்கும் மற்றோர்க்கும் உரிய கொடைகளைப் பதிந்த ஏடு. பின்னர் அப்துல் மலிக் காலத்தில் கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் இருந்த வரிக்கணக்குத் திவான்கள் அரபுமயமாக்கப்பட்டன. அங்கே வஸீர் கலீஃபாவுக்கு மட்டுமே பொறுப்பாளி. நம் அமைச்சரவையோ 75-ஆம் பிரிவின்படி மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்கிறது. இந்தியாவில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு துறை என்னும் முறையைக் கானிங் பிரபு 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிப் புகுத்தினார் என்பதே வரலாறு. சொல் நம்முடையதாக இருக்கலாம். அமைப்பு வேறு வழியில் வந்தது.

ஒரு பொருள் எந்த இலாகாவில் அமர்கிறது என்பதால் மனிதர்களின் வாழ்வே மாறுமா என ஐயுறுவோர் களமருதூருக்கு மேற்கே கல்வராயன் மலையைக் காண வேண்டும். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலம் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்தார் மரபினரின் கீழ் இருந்தவர்கள். நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டுக்கும் மேலான பின், 1976-இல்தான் அம்மலை அரசின் நேரடி நிருவாகத்துக்கு வந்தது. அதே 1976-இல் நிறைவேறிய 42-ஆம் திருத்தம், காட்டை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. ஆக, மலைவாசி உழுத நிலம் வனத்துறையின் ஏட்டில் காடு. வருவாய்த்துறையின் ஏட்டில் அவன் பெயரே இல்லை. பழங்குடியினர் நலத்துறையிடமோ பள்ளியும் விடுதியும் உண்டு, நிலம் இல்லை.

இக்கட்டினை அவிழ்த்தது முதலில் ஒரு சட்டமன்று. அலுவல் ஒதுக்கீட்டு விதிகளில் செய்யப்பட்ட ஒரு சிறு திருத்தமே. 2006 மார்ச் மாதம், வனநிலங்களில் வாழும் பழங்குடியினரின் வன உரிமை பற்றிய சட்டமியற்றல் என்னும் பொருள் பழங்குடியினர் விவகார அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது. 1999-இல் சமூக நீதி அமைச்சகத்திலிருந்து பிரிந்த இளைய அமைச்சகம் அது. சுற்றுச்சூழல், வன அமைச்சகம் இவ்வேற்பாட்டை விரும்பவில்லை. காடு நம் வீட்டுப்பொருள் என்பது அதன் நினைப்பு. ஆயினும் 2006 டிசம்பரில் வன உரிமைச் சட்டம் நிறைவேறி, 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவித்துவரும் பழங்குடியினருக்கு நான்கு எக்டேர் வரை உரிமை. கோரிக்கையைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கு. இறுதி முடிவு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு. அக்குழுவில் மூன்று துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்தாக வேண்டும். இச்சட்டம் வன அமைச்சகத்தின் எழுதுகோலிலிருந்து பிறந்திருந்தால் இவ்வாறு அமைந்திராது என்பது நம் துணிபு.

நன்மை உடனே மலையேறிவிடவில்லை. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் தமிழகத்தில் உரிமைப் பட்டங்கள் வழங்குவது தடைப்பட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று; வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு மலைக்குத் தனி வட்டமும் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோதுதான் மலையின் வறுமை மீண்டும் பேசப்பட்டது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அத்துயரிலும் இலாகாவின் கேள்வி எழுந்தது. காவலும் மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் தலைமைச் செயலகத்தில் ஒரே துறை. சாராயத்தைத் தடுப்பவரும் மதுவின் வருவாயைக் கணக்கிடுபவரும் ஒரே கூரையின் கீழ்! ஹராமை விலக்கும் நமக்கு இது உறுத்துவது இயல்பு. நிருவாகவியலாரையும் இது உறுத்த வேண்டும்.

இனி நம் சமுதாயத்தோடு நேரே தொடர்புடைய அமைச்சகம். 2006 ஜனவரி 29 அன்று சிறுபான்மையினர் விவகார அமைச்சகம் சமூக நீதி அமைச்சகத்திலிருந்து பிரிக்கப்பட்டது. சச்சார் குழுவின் அறிக்கை அதே ஆண்டு நவம்பரில்தான் வந்தது. வக்ஃப் சட்டமும் மத்திய வக்ஃப் கவுன்சிலும் அவ்வமைச்சகத்திற்கு உரியவை. ஹஜ் 2016 அக்டோபர் 1 வரை வெளியுறவு அமைச்சகத்தில் இருந்து பின்னர் இங்கே வந்தது. ஆனால் ஹாஜியின் கடவுச்சீட்டும் ஜித்தாவிலுள்ள துணைத்தூதரகமும் இன்றும் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ்தான். கடவுச்சீட்டுத் தாமதத்துக்கு ஹஜ் குழுவைக் கடிந்துகொள்வோர் இதைக் கருத வேண்டும்.

தனி அமைச்சகம் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நாமும் ஒருகாலத்தில் நம்பினோம். அனுபவம் வேறு. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவரின் உதவித்தொகை 2022-இல் நிறுத்தப்பட்டபோது கூறப்பட்ட காரணம், கல்வி உரிமைச் சட்டம் அவ்வகுப்புகளுக்கு இலவசக் கல்வியை ஏற்கெனவே உறுதிசெய்கிறது என்பது. அச்சட்டமோ கல்வி அமைச்சகத்துக்குரியது. ஓர் இலாகாவின் சட்டம் மற்றோர் இலாகா கையை மடக்கிக்கொள்ளக் காரணமாயிற்று.

வக்ஃபில் நிகழ்ந்துள்ள மாற்றம் இதனினும் ஆழமானது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வக்ஃப் சொத்துகளை அளவை செய்ய மாநில அரசு தனி ஆணையரை நியமித்தது. 2025 ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் அப்பணியை மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைத்தது. ஆட்சியர் வருவாய்த்துறையின் மாவட்டத் தலைவர். அரசு நிலத்தின் காவலர். வக்ஃபா, புறம்போக்கா என்னும் வழக்கில் ஒரு தரப்பின் காவலரே அளப்பவராகவும் ஆகிறார். நிலம் அரசுடையதா என்பதை ஆட்சியருக்கு மேற்பட்ட தகுதியுடைய அலுவலர் ஒருவர் தீர்மானிக்கலாம் என்ற விதியின் முக்கியப் பகுதிகளை 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. உரிமையைத் தீர்மானிப்பது நிருவாகத்தின் வேலையன்று என்பது அதன் கருத்து. ஆட்சியர் அளவை செய்யும் ஏற்பாடு நிறுத்தப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் சொத்தின் ‘அ’ பதிவேடு, சிட்டா, வக்ஃப் வாரிய அறிவிக்கை ஆகியவற்றின் நகல்களை இன்றே எடுத்து வைத்துக்கொள்வது நன்று.

அப்பெரியவர்களின் மனுவுக்கு வருவோம். நாம் அமர்ந்து அதை மூன்றாகப் பிரித்தோம். நிலத்தின் வகைப்பாட்டுச் சான்றுக்கு வட்டாட்சியருக்கு ஒன்று. வக்ஃப் பதிவு விவரத்துக்கு வாரியத்துக்கு ஒன்று. சுவருக்கான நிதிக்கு மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலர் வழியாக ஆட்சியருக்கு ஒன்று. “மூணு மனுவா? ஒண்ணுக்கே வழியக் காணோம்!” என்று இளையவர் சிரித்தார். ஆயினும் வாங்கிச் சென்றார். சான்று வர இரண்டு மாதம், மதிப்பீடு வர ஆறு மாதம், சுவர் எழ மேலும் ஓராண்டு ஆயிற்று. மதிப்பீட்டில் இரும்புக்கதவைச் சேர்க்கப் பொறியாளர் மறந்துவிட்டார். அதை ஜமாஅத்தாரே ஒரு ஜும்ஆ வசூலில் செய்து மாட்டிக்கொண்டனர்.