பெண்டு நிமிர்ந்த கதை

"என்னய்யா, முகம் வாடிக் கிடக்கு?"

"வேலை பெண்டு நிமித்திடுச்சு சார்!"

இந்த வசனம் கேட்காத ஆபீஸ் உண்டா? ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் ஒருநாள் பின் சீட்டிலிருந்து இதே வசனம். 'அதென்ன பெண்டு?' என்று மண்டை குடைய, வீட்டுக்கு வந்து டிக்‌ஷனரியைப் புரட்டினேன். (பி.காம். படித்தவனுக்கு ஏன் இந்த வேலை என்கிறீர்களா? எதுவும் டேலி ஆகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது!)

'பெண்ட்' என்றால் வளைவு. மலை ரோட்டில் இருந்தால் கொண்டை ஊசி. ஹார்டுவேர் கடையில் பைப்போடு விற்பது. சைக்கிள் ரிம்மில் விழுந்தால் தண்டச் செலவு. ஆனால், பழைய ஆங்கிலத்தில் அதன் அர்த்தமே வேறு. வில்லில் நாண் பூட்டுவதுதான் 'பெண்ட்'! நாணை இழுத்துக் கட்டினால் வில் வளையும் இல்லையா? நாளடைவில் கட்டு மறந்துபோய் வளைவு மட்டும் நின்றுவிட்டது.

'பைண்டிங்', 'பேண்டேஜ்' எல்லாமே இதே வேர்தான். சம்ஸ்கிருத 'பந்த'மும் ஒன்றுவிட்ட அண்ணன்-தம்பி. அந்த வழியில் சம்பந்தி, பந்துக்கள், கடையடைப்பு 'பந்த்' வரை சொந்தம் நீள்கிறது. ராஜபாளையம் பக்கத்து சத்திரப்பட்டியில் தறியில் ஓடுவது பேண்டேஜ் துணி. ஸ்ரீவில்லிபுத்தூரோ, வில்லி என்ற வேடர் தலைவன் உண்டாக்கிய ஊர் என்கிறது தலபுராணம். கட்டும் வில்லும் ஒரே வட்டாரத்தில்!

எனக்கு இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. முன்பு ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். வருஷக் கடைசியில் ஸ்டாக்கைக் கூட்டிக் காட்டச் சொன்னார் மேனேஜர். "கொஞ்சம் வளைஞ்சு குடுங்க தம்பி." குடுத்தேன். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின அட்வான்ஸ் அங்கே பாக்கி. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. 'முதுகெலும்பு இல்லாத பயல்' என்று வருஷக்கணக்கில் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது புரிகிறது. வில் தானாக வளையாது. எங்கேயோ ஒரு கட்டு இருக்கும். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது. ஆனால், முதுகைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவிழ்க்க வேண்டியது நாணை அல்லவா!

அட்வான்ஸை அடைத்த மறுமாசமே வேலையை விட்டேன். இப்போது பர்ஸ் ஒட்டிக் கிடக்கிறது. ஆனால் சார், பெண்டு நிமிர்ந்துவிட்டது... நல்ல அர்த்தத்தில்!